மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ரத்தப் பை 35 நாள்: நம்ம கடற்கரை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினத்துல இருந்து பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வரைக்கும், அந்தப் பக்கம் மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் இருக்கிற இளைஞர் மன்றம், ரசிகர் மன்றம், ஜமாத் பிள்ளைங்க, பங்கு இளைஞர் குழு, படகு சங்கத்து அண்ணன்மாரு எல்லாருக்கும்,

வணக்கம். நான் பாம்பன்காரி. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டாக்டர் பக்கத்துல நின்னு மெஷின் பாக்குற, ஊசி எடுத்துக் குடுக்குற, "பிரஷர் இறங்குது டாக்டர்"னு கத்துற டெக்னீசியன், 14 வருஷமா இதான் பொழப்பு. எந்த ஆஸ்பத்திரின்னு எழுதல, இந்த லெட்டருக்கு அது தேவையும் இல்ல. உங்கள்ல எத்தனையோ பேரோட அம்மாவையும் பொண்டாட்டியையும் முதுகுல மயக்க ஊசி போட டேபிள்ல உக்கார வச்சு "இறால் மாதிரி வளைஞ்சு உக்காருங்க, அசையாதீங்க"ன்னு தோளப் புடிச்சிருக்கேன், உங்களுக்குத்தான் தெரியாது, நாங்க மாஸ்க் போட்டிருப்போம்ல.

திட்டுறதுக்காக எழுதல. ஆனா எழுத எழுத கொஞ்சம் திட்டிருவேன்னு நெனைக்கிறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க ரத்ததான கேம்ப் போடுறீங்க, நல்லாவே போடுறீங்க. தலைவர் பொறந்தநாளு, படம் ரிலீசு, கொடியேத்தம், சந்தனக்கூடு, ஏதோ ஒரு நாள். ஃபிளெக்ஸ் கட்டி பந்தல் போட்டு ஒரே நாள்ல 80 பேர் 90 பேர் படுத்து ரத்தம் குடுத்துட்டு, கையில பஞ்ச வச்சுக்கிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுட்டுப் போயிருவீங்க. சந்தோஷம். ஆனா அந்தப் பையில ஊத்தியிருக்கிற மருந்துல ரத்தம் தாங்குறது 35 நாள், வேற மருந்து சேத்துப் பிரிச்சு வச்ச செவப்பணு 42 நாள், டெங்கு காலத்துல நீங்க அலையுறீங்களே பிளேட்லெட், அது வெறும் 5 நாள், அதையும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். அப்ப ஒரே நாள்ல 90 பை வந்தா அந்த மாசம் ஃபிரிட்ஜ் நிறைஞ்சு கெடக்கும், அடுத்த மாசம் காலி, அதுக்கடுத்த மாசம் "அவசரம் அவசரம், பி நெகட்டிவ் தேவை, உடனே பகிரவும்"னு உங்க குரூப்லயே ஓடும். பொறந்தநாள் அன்னைக்கு மட்டும் சோறு பொங்கி வருஷம் பூரா திங்கிற வீடு எங்கயாவது இருக்கா?

போன மழைக்காலத்துல நடந்தத சொல்றேன். யாரு எந்த ஊருன்னு கேக்காதீங்க. ரெண்டாவது பிரசவம், சுகப்பிரசவம்தான், பிள்ளையும் நல்லா அழுதுச்சு, அதுக்கப்புறம் கர்ப்பப்பை சுருங்கல. நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் போய்வருது, உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர்தான், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க எவ்ளோ நேரம் இருக்கும்னு. அந்த ராத்திரி அவங்க ஊர்ல இருந்து 11 பசங்க ஒரு வேன்ல கொட்டுற மழையில பாலத்த தாண்டி வந்தாங்க. வந்த வேகத்தப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஆனா பாருங்க, ரெண்டு பேரு குடிச்சிருந்தாங்க. ஒருத்தனுக்கு போன மாசம்தான் மலேரியா. ஒருத்தன் 43 கிலோ, 45 இருந்தாத்தான் எடுப்பாங்க. ஒருத்தன் 40 நாளைக்கு முன்னாடிதான் குடுத்திருக்கான், ஆம்பளைக்கு 90 நாள் இடைவெளி வேணும். ஒருத்தனுக்கு ஹெச்பி, அதான் ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், பத்தல. மிச்சம் அஞ்சு பேரு. அஞ்சு பேருகிட்டயும் எடுத்தாங்க, அதுல அந்தப் பொண்ணோட குரூப்பு ரெண்டே பேருதான்.

அந்த ரெண்டு பையும் உடனே தியேட்டருக்கு வந்துருச்சுன்னு நெனைக்கிறீங்களா? வராது தம்பி. ஹெச்ஐவி, மஞ்சக்காமாலை பி, மஞ்சக்காமாலை சி, சிபிலிஸ், மலேரியான்னு அஞ்சு டெஸ்ட் முடியாம ஒரு சொட்டு வெளிய வராது, அதுக்கே சில மணி நேரம். அதுக்கப்புறம் அந்த ரத்தம் அவங்க ரத்தத்தோட ஒத்துப் போகுதான்னு பாக்குற கிராஸ் மேட்ச். அந்தப் பொண்ண காப்பாத்துனது வேன்ல வந்த ரத்தம் இல்ல, ஃபிரிட்ஜ்ல ஏற்கனவே இருந்த ரெண்டு பை. எப்பவோ எவனோ குடுத்துட்டுப் போனது, பேரு கூடக் கெடையாது, ஒரு நம்பர்தான் ஒட்டியிருந்துச்சு. பசங்க விடியக்காலை டீயக் குடிச்சுட்டு "எங்க ரத்தம்தான்டா காப்பாத்துச்சு"ன்னு பேசிக்கிட்டே வேன் ஏறினாங்க. நான் ஒண்ணும் சொல்லல, அந்த நேரத்துல எப்படிச் சொல்றது. இப்ப சொல்றேன்.

எங்க சீனியர் டாக்டர் ஒருத்தர் கேஸ் இல்லாத நேரத்துல பழைய கதையெல்லாம் சொல்லுவாரு. அவரு சொல்லித்தான் ஜார்ஜ் கிரைல்னு ஒரு ஆளைப் பத்தித் தெரியும், அப்புறம் நானே தேடித் தேடிப் படிச்சேன். 1864ல அமெரிக்காவுல ஒஹாயோ பக்கம் பொறந்தவரு, நம்ம ஆளுங்க மாதிரி பட்டிக்காட்டுப் பொறப்புதான். 1887ல டாக்டரா ஆகுற காலத்துல அவரோட பழகுன ஒரு மாணவன் மேல தெருவுல ஓடுற டிராம் ஏறி ரெண்டு காலும் நசுங்கிப் போச்சு. கால எடுத்துப் பாத்தாங்க, தையல் கியல் எல்லாம் ஒழுங்காத்தான் போட்டாங்க, ஆனாலும் ஆளு வெளுத்து, ஜில்லுன்னு ஆகி, நாடி மெலிஞ்சு மெலிஞ்சு செத்துட்டான். இதுக்கு ஷாக்குன்னு பேரு வச்சிருந்தாங்க, ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது. கிரைல் அதைப் புடிச்சுக்கிட்டாரு, வாழ்க்கை பூரா விடல. விசைப்படகுல வலை இழுக்குற வின்ச்சுல கை மாட்டி வந்த ஆளைப் பாத்திருக்கீங்கள்ல, கரைக்கு வந்து சேரும்போது பேச்சு இருக்கும், ஆஸ்பத்திரி வாசல்ல பேச்சு இருக்காது, அதே கததான்.

நாய்ங்களுக்கு மயக்கம் குடுத்து வருஷக்கணக்கா சோதனை பண்ணி 1899ல ஷாக் பத்தி ஒரு புத்தகம் போட்டாரு. ஆபரேஷன் நடக்கும்போது பிரஷரப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு அந்தக் காலத்துலயே ஒத்தக்கால்ல நின்னவங்கள்ல இவரும் ஒருத்தர், 1903ல அதுக்கும் தனியா ஒரு புத்தகம். இன்னைக்கு நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சார்ட்ல பிரஷர் குறிச்சு வைக்கிறேன்ல, அந்தப் பழக்கம் அப்படி வந்ததுதான். ரத்தம் போன ஆளுக்கு கால்லயும் வயித்துலயும் காத்தடைச்ச ரப்பர் சட்டையப் போட்டு ரத்தத்த மேல தள்ளிப் பாத்தாரு. படிக்கும்போது சிரிப்பு வந்துச்சு, அப்புறம்தான் உறைச்சுச்சு, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் போற பொம்பளைங்களுக்கு கணுக்கால்ல இருந்து வயிறு வரைக்கும் இறுக்கி ஒட்டுறாங்களே ஒரு உடை, அதுக்குப் பாட்டன் இந்த ரப்பர் சட்டைதான்.

ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிர்றேன், ஷாக்குக்கு இவரு சொன்ன காரணம் சரியில்ல. நரம்பும் மூளையும் ஓஞ்சு போறதாலதான் எல்லாம்னு இவரு அடிச்சுச் சொன்னாரு, பின்னாடி 1930 வாக்குல பிளாலாக்னு இன்னொருத்தர் வந்து, அடிபட்ட எடத்துல ரத்தமும் தண்ணியும் கசிஞ்சு போறதுதான் முக்கியக் காரணம்னு காட்டிட்டாரு. காரணம் தப்பு, ஆனா கை செஞ்ச வேலை சரி. இந்த மாதிரி ஆளுங்கள எனக்குப் புடிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1906ல கிளீவ்லாண்ட்ல ஒரு பேஷண்ட்டுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. கிரைல் என்ன பண்ணாருன்னா, அவனோட சகோதரன பக்கத்து டேபிள்ல படுக்க வச்சு, அவன் மணிக்கட்டுத் தமனிய வெட்டி எடுத்து, பேஷண்ட்டோட கை சிரையில நேரா இணைச்சு விட்டாரு. ரத்தக் குழாயத் தைக்கிற வித்தைய அப்பதான் அலெக்சிஸ் காரெல்னு ஒருத்தர் கண்டுபுடிச்சிருந்தாரு, அந்தத் தெம்புல செஞ்சது. நடுக்கடல்ல டீசல் தீந்து போன போட்டுக்கு இன்னொரு போட்ட அணைச்சு கட்டி டியூப் போட்டு இறக்குவோம்ல, அதே மாதிரிதான். எவ்ளோ இறங்குச்சுன்னு அளவு தெரியாது, குடுக்குறவன் மொகம் வெளுக்குதான்னு பாத்துத்தான் நிறுத்தணும். அவனோட அந்தத் தமனி அவ்ளோதான், கட்டி விட்டுருவாங்க, திரும்ப வராது. குரூப் பாக்குற பழக்கமும் வரல. ரத்தத்துல குரூப் இருக்குன்னு வியன்னாவுல லேண்ட்ஸ்டைனர் 1901லயே எழுதிட்டாரு, ஏத்துறதுக்கு முன்னாடி ஒருக்கா பொருத்திப் பாப்போம்னு நியூயார்க்ல ஓட்டன்பர்க் ஆரம்பிச்சது 1907ல. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1818ல, லண்டன்ல பிளண்டெல்னு ஒரு பிரசவ டாக்டர் மனுஷ ரத்தத்த மனுஷனுக்கு ஏத்திப் பாத்தாரு, அவரு அதுல எறங்குனதே பிரசவத்துல ரத்தம் போய்ச் சாகுற பொம்பளைங்களப் பாத்துட்டுத்தான். அப்பல இருந்தே இது எங்க கததான்.

ஏன் பக்கத்துலயே படுக்க வைக்கணும்? வெளிய எடுத்தா உறைஞ்சிரும், அதான். ஐஸ் வர்றதுக்கு முன்னாடி மீனு இருந்த மாதிரி. எங்க பாட்டி சொல்லும், புடிச்ச மீன கரையிலயே வித்தாகணும், இல்லேன்னா உப்புப் போட்டு கருவாடு, வேற வழியே இல்லன்னு. ஐஸ் ஃபேக்டரி வந்த அப்புறம்தான் நம்ம மீனு ஊர் தாண்டிப் போச்சு. ரத்தத்துக்கு அந்த ஐஸ் மாதிரி வந்தது சோடியம் சிட்ரேட். 1914ல பிரஸ்ஸல்ஸ்ல ஹஸ்டின், அதே வருஷம் அர்ஜென்டினாவுல அகோட்டே, மறுவருஷம் நியூயார்க்ல லூயிசோன் எவ்ளோ போட்டா ஆபத்தில்லன்னு அளவு கண்டுபுடிச்சாரு. முதல் உலகப் போர்ல 1917ல ராபர்ட்சன்னு ஒரு டாக்டர் குண்டடி படுறதுக்கு முன்னாடியே ரத்தத்த எடுத்து ஐஸ் பெட்டியில வச்சுக் காத்திருந்தாரு. 1937ல சிகாகோவுல ஃபேன்டஸ்னு ஒருத்தர் இதுக்கு பிளட் பேங்க்னு பேரே வச்சுட்டாரு. நீங்க குடுக்குற 350 மில்லி பைக்குள்ள முன்னாடியே 49 மில்லி தண்ணி மாதிரி ஒண்ணு கெடக்கும் பாருங்க, அதுல முக்கியமா இருக்கிறது அந்த சிட்ரேட்டும், அணு பொழைச்சுக் கெடக்க கொஞ்சம் சக்கரையும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கிரைலுக்கு வேற வழியில்ல, அதனால ரத்தம் போக ஆரம்பிச்ச அப்புறம் ஆளத் தேடி பக்கத்துல படுக்க வச்சாரு. அதுக்கப்புறம் இத்தனை பேரு மண்டைய உடைச்சு, குடுக்குறவன் வேற நாள்ல வேற ஊர்ல குடுத்துட்டு அவன் பாட்டுக்குக் கடலுக்குப் போலாம்னு ஆக்கி வச்சிருக்காங்க. நம்ம என்ன பண்றோம்? ரத்தம் போக ஆரம்பிச்ச அப்புறம்தான் போனத் தூக்குறோம். ராமேஸ்வரத்துல இருந்து ராம்நாட்டுக்கு 55 கிலோமீட்டர், அங்க இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல. ராம்நாட்டுல 2022ல மெடிக்கல் காலேஜ் வந்துருச்சு, முன்ன மாதிரி எல்லாத்துக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்ல, டாக்டருங்க இருக்காங்க, மெஷின் இருக்கு. ரத்தத்த மெஷின் பண்ணாது. மருந்துக் கம்பெனியும் பண்ணாது. கையில ஆன்ட்ராய்டு போனு, மூளையில 1906.

இன்னொரு பஞ்சாயத்தும் தீக்கணும். "ஆபரேஷன் பண்ற டாக்டரம்மாவே ரெடியா நிக்கிறாங்க, இந்த மயக்க டாக்டர்தான் ரத்தம் வந்தாத்தான் ஊசி போடுவேன்னு இழுத்தடிக்கிறாரு"ன்னு தியேட்டர் வாசல்ல சண்டை போடுவீங்க. கதவத் தட்டி உடைக்கப் போன ஆளுங்களையும் பாத்திருக்கேன். முதுகுல ஸ்பைனல் ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ மரத்துப் போறது மட்டுமில்ல, கீழ உள்ள ரத்தக் குழாயெல்லாம் தளந்து விரிஞ்சிரும். உடம்புல ரத்தம் நிறைய இருந்தா பிரஷர் கொஞ்சம் இறங்கும், மருந்து குடுத்து ஏத்திக்கலாம். ஏற்கனவே ரெண்டு லிட்டர் போன ஆளுக்கு அதே ஊசியப் போட்டா, மிச்சம் இருக்கிற கொஞ்சமும் கால்ல போய்த் தேங்கி இதயத்துக்குத் திரும்பாது, டேபிள்லயே நின்னு போகும். அதனாலதான் அந்த மாதிரி கேஸ்ல ஸ்பைனல விட்டுட்டு கெட்டமின் மாதிரி வேற மயக்கம் யோசிப்பாங்க, எதுக்கும் ரெண்டு பை கையில இருக்கான்னு கேப்பாங்க. உசுரு போற அவசரம்னா ரத்தம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டும் இருக்க மாட்டாங்க, உள்ள ஏத்திருவாங்க, ஆனா அப்ப அவரு மொகத்த நான் பாத்திருக்கேன், நீங்க பாத்ததில்ல.

ஸ்பைனல் பத்திப் பேச்சு வந்ததால இன்னொண்ணு. நம்ம ஊர்ல பொம்பளைங்களுக்கு முதுகு வலின்னா "சிசேரியனுக்கு ஊசி போட்டதுல வந்தது"ன்னு 20 வருஷம் கழிச்சும் சொல்லுவாங்க. குனிஞ்சு கடல் பாசி எடுக்குறது, தலையில மீன் கூடை, தண்ணிக் கொடம், இதெல்லாம் கணக்குல வராது, ஊசி மேல மட்டும்தான் பழி. ஊசிக்கு அப்புறம் சில பேருக்குத் தலைவலி வரும், அது நெசம். 1898ல ஜெர்மனில ஸ்பைனல முதல்ல செஞ்ச பியர்ங்கிற டாக்டர் தனக்கே போட்டுப் பாப்போம்னு எறங்கி, அது சரியா அமையாம முதுகுத் தண்ணி ஒழுகி, அடுத்து அசிஸ்டண்ட்டுக்குப் போட்டு, மரத்துருச்சான்னு பாக்க அந்தாளு முழங்காலுக்குக் கீழ எலும்புல சுத்தியலால அடிச்சு, ராத்திரி ரெண்டு பேருமா ஒயின் குடிச்சுக் கொண்டாடி, மறுநாள் தலையத் தூக்க முடியாமக் கெடந்தாங்களாம். அந்தத் தலைவலிதான் இது, சில நாள்ல போயிரும்.

கிரைலுக்கு மயக்க மருந்துலயும் ஒரு பித்து உண்டு. பேஷண்ட் ஈதர்ல தூங்குனாலும் கத்தி படுற வலி மூளைக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கும், பயமும் அதே மாதிரி உடம்பக் கெடுக்கும்னு நம்புனாரு. அதனால முதல்ல பேஷண்ட்ட அமைதியாக்கு, அப்புறம் சிரிப்பு வாயுவும் ஆக்சிஜனும் குடு, வெட்டப் போற எடத்துல மரக்கிற மருந்தும் போடு, கையயும் மெதுவா வச்சு வேலை செய், எல்லாம் சேந்தாத்தான் மயக்கம்னு சொன்னாரு. அனோசி அசோசியேஷன்னு வாயில நுழையாத பேரு ஒண்ணு வச்சாரு. ஆனா இன்னைக்கு எங்க தியேட்டர்ல ஒரே மருந்தக் கொட்டாம நாலு வகைய அளவா அளவா குடுக்குறோம்ல, அதுல இவரு வாசனை இருக்கு. கிரைல் ஆபரேஷன் பண்ணும்போது பேஷண்ட்டுக்கு மயக்கம் குடுத்தது ஆகதா ஹாட்ஜின்ஸ்னு ஒரு நர்ஸ், டாக்டர் இல்ல. அவரு பேரு சொல்ற எடத்துல பாதி எடத்துல இந்தம்மா பேரு வராது, எனக்கு அதுல கொஞ்சம் கோவம் உண்டு. பின்னாடி மயக்கம் குடுக்குற நர்ஸுங்களுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, 1931ல. நான் டேபிள்ல நடுங்கிக்கிட்டு இருக்கிற அக்காகிட்ட "இன்னைக்கு நண்டு என்ன வெலைக்குப் போச்சுக்கா"ன்னு கேக்குறேன்ல, அதுவும் மயக்க மருந்துதான், சார்ட்ல எழுத மாட்டாங்க அவ்ளோதான்.

"சொந்த ரத்தமாப் பாத்து ஏத்துங்க, வெளியாளு ரத்தம் வேணாம்"னு ஒரு பேச்சு. இத ஜமாத்லயும் கேட்டிருக்கேன், கோயில்லயும் கேட்டிருக்கேன், சர்ச்லயும் கேட்டிருக்கேன், இதுல மட்டும் எல்லாரும் ஒத்துமை. அப்பன் ரத்தம், அண்ணன் ரத்தம்னா சுத்தம்னு நெனப்பு. உண்மையில நெருங்குன ரத்த சொந்தம் குடுக்குறதுல ஒரு தனி ஆபத்து இருக்கு, அபூர்வம்தான், ஆனா வந்தா பொழைக்கிறது கஷ்டம். குடுத்தவனோட வெள்ளையணு, வாங்குன உடம்புக்கு அன்னியமாவே தெரியாம உள்ள குடியேறி, அந்த உடம்பையே தாக்க ஆரம்பிச்சிரும். அதுக்காகத்தான் சொந்தக்காரங்க ரத்தம்னா கதிர்வீச்சு காட்டி ஏத்தணும்னு வச்சிருக்காங்க. இன்னும் பிள்ளை பெத்துக்கப் போற பொம்பளைக்கு புருஷன் ரத்தமும் நல்லதில்ல, பின்னாடி வயித்துல வர்ற பிள்ளைக்கு அது வினையா முடியலாம். உங்களுக்குப் பேரு தெரியாதவன் ரத்தம்தான் உங்களுக்கு நல்லது, கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் அப்படித்தான்.

அத்தை மகன், மாமன் மகள்னு உள்ளுக்குள்ளயே கட்டுற ஊரு நம்ம ஊரு, அதனால இதையும் சொல்றேன். பாம்பே குரூப்னு ஒண்ணு இருக்கு, 1952ல பம்பாயில பெண்டேங்கிற டாக்டரும் கூட இருந்தவங்களும் கண்டுபுடிச்சது. சாதாரண டெஸ்ட்ல ஓ குரூப் மாதிரியே காட்டும், ஆனா ஓ ரத்தத்த ஏத்தவே முடியாது, இன்னொரு பாம்பே குரூப் ஆளுதான் குடுக்கணும். சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல இந்த மாதிரி அபூர்வ குரூப்பு வர்ற வாய்ப்பு கூடுதல். யாருக்காவது பிளட் பேங்க்ல "உங்க ரத்தம் எதுலயும் ஒத்து வரல"ன்னு சொல்லியிருந்தா அந்தச் சீட்ட பத்திரமா வச்சுக்கோங்க, அண்ணன் தம்பிங்களையும் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுங்க. ரத்தம் கெட்டுப் போச்சுன்னு மறைச்சு வைக்காதீங்க.

அடுத்து எங்க ஆளுங்க, பொம்பளைங்க. உங்க கேம்ப்ல பொம்பளைங்கள ஏன் காணோம்? நான் ஒருக்கா படுக்கப் போனேன், விரல்ல குத்திப் பாத்துட்டு ஹெச்பி 10.8, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. 12.5 வேணும். ரத்தத்தோட சம்பந்தப்பட்ட வேலை பாக்குற எனக்கே ரத்தம் பத்தல. எங்கம்மா 30 வருஷம் பாசி எடுத்தாங்க, விடியும் முன்னாடி கடல்ல எறங்கி, கால்ல தகடக் கட்டிக்கிட்டு, விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, மத்தியானம் வரைக்கும் முங்கி முங்கி எந்திரிக்கிறது, சாப்பாடு எப்பவோ, சாப்பிட்ட ஒடனே ஒரு கடுங்காப்பி இல்லேன்னா டீ. சாப்பாட்டுல இருக்கிற கொஞ்ச இரும்புச் சத்தையும் அந்த டீ உள்ள போக விடாது. இந்தப் பொம்பளைங்கதான் பிரசவத்துக்கு ஹெச்பி 8, ஹெச்பி 7னு வர்றாங்க. 12 இருக்கிறவ அரை லிட்டர் இழந்தா தாங்கிக்குவா, 7 இருக்கிறவளுக்கு அந்த அரை லிட்டரே உசுரு. அதனால உங்க கேம்ப்ல ஒரு ஓரத்துல டேபிள் போட்டு பொம்பளைங்களுக்கும் பொம்பளப் பிள்ளைங்களுக்கும் ஹெச்பி மட்டும் பாத்துக் குடுங்க, கொறைவா இருக்கிறவங்கள அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்பு மாத்திரை வாங்க வைங்க. மாத்திரையக் கொண்டு போய் அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற கதையெல்லாம் எனக்குத் தெரியும், அதுக்கு ஊர்ல ஒரு அக்காவத்தான் காவல் போடணும். நான் ஆறு மாசம் ஒழுங்காத் தின்னேன், சாப்பாட்டோட டீய விட்டேன், 12.9 வந்துச்சு, குடுத்துட்டேன்.

சரி, கேலண்டர். நம்ம கடலுக்கு ஒரு கேலண்டர் இருக்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம், அத்தனை பேரும் வலை பின்னிக்கிட்டு கரையில கெடப்பீங்க. தடை முடியுற ஜூன் 14 என்ன நாள்னு தெரியுமா, உலக ரத்ததான நாள், அந்த லேண்ட்ஸ்டைனர் பொறந்த நாள். உடனே "அப்ப தடைக்காலத்துல பெரிய கேம்ப் போட்ருவோம்க்கா"ன்னு கெளம்பாதீங்க, அதான் 35 நாள் கணக்கு சொன்னேனே. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வாரம் பிரிச்சு எடுங்க. தடைக்காலத்துல ஒரு வாரம் பாம்பன், அடுத்த வாரம் தங்கச்சிமடம், அதுக்கடுத்து மண்டபம், அப்படியே மேக்க கீழக்கரை, ஏர்வாடின்னு போகட்டும். ஒரு ஊர்ல 10 பேரு போதும், 90 வேணாம். தடை முடிஞ்சு படகு எறங்குனா நம்ம பக்கம் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மத்த நாள் நாட்டுப்படகு, அப்ப எந்த நாளும் யாராவது கரையில இருக்கத்தான் செய்றீங்க. நோன்பு மாசத்துல ஜமாத் பிள்ளைங்க ஓய்வெடுங்க, அந்த மாசத்த மத்த ஊரு பாத்துக்கட்டும், தவக்காலத்துலயும் திருவிழாவுலயும் நீங்க அவங்களுக்கு மாத்திக்கோங்க. ஆம்பளை வருஷத்துக்கு நாலு தடவை குடுக்கலாம், பொம்பளைக்கு 120 நாள் இடைவெளி. யாரு எப்ப குடுத்தாங்க, என்ன குரூப்புன்னு ஒரு நோட்டுப் புத்தகம், படகு சங்கத்துல டீசல் கணக்கு எழுதுற மாதிரி ஒரு ஆளு எழுதி வச்சா முடிஞ்சது. நெகட்டிவ் குரூப் ஆளுங்க நூத்துக்கு அஞ்சு பேரு கிட்டத்தான் இருப்பாங்க, அவங்கள மட்டும் கேம்ப்ல படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி பிளட் பேங்க்ல கேட்டுக்கோங்க, சும்மா எடுத்து காலாவதியா விடாம தேவைக்குக் கூப்புடுவாங்க.

குடுத்த அன்னைக்கு கடலுக்குப் போகாதீங்க. சங்கு குளிக்கிற பசங்க கண்டிப்பா எறங்கக் கூடாது, தண்ணிக்குள்ள தலை சுத்துனா யாரு தூக்குறது. முந்தின ராத்திரி சரக்கு வேணாம். வெறும் வயித்தோட வராதீங்க.

வர்ற மாசத்துக்குள்ள எந்த மன்றமாவது முதல் வாரத்த எடுத்துக்கிட்டா நான் லீவு போட்டுட்டு வர்றேன். குளுக்கோஸ் பிஸ்கட் என் செலவு. டீ மட்டும் கெடையாது, லெமன் ஜூஸ்தான்.

இப்படிக்கு,
பாம்பன்ல இருந்து, இறால் மாதிரி வளையச் சொல்ற அக்கா